வெள்ளானூர் மாப்பிள்ளையின் சைட் தெரியவில்லை

வெப்சைட் ரிப்பேர் பார்க்கிறவர்களிடம் யாரும் “நல்லா இருக்கீங்களா” என்று கேட்பதில்லை, “ஏன் தெரியலை” என்றுதான் கேட்பார்கள். பல் டாக்டரிடம் வலியோடு போகிறவர்கூட உள்ளே நுழைந்ததும் ஒரு வணக்கம் வைப்பார். எங்களுக்கு அதுவும் கிடையாது. போனை எடுத்த உடனேயே, “சைட் ஓப்பன் ஆகலை, என்ன பண்ணி வெச்சீங்க?” என்பார்கள். படிக்கிறவர்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். இல்லாதவர்களிலும், சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய போனையும் பார்த்துக்கொடுத்தே கண் கெட்டுப்போனவர்கள் இருப்பீர்கள். நீங்களும் நம்ம கட்சிதான்.

நான் தேனிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஆவடிக்கு அந்தப் பக்கம் வெள்ளானூரில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தேன். ஐடி கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியபிறகு, வீட்டிலிருந்தே சின்னச் சின்ன வெப்சைட் செய்துகொடுக்கிறேன். டியூஷன் சென்டர், யோகா மாஸ்டர், கேட்டரிங்காரர் என்று பலருடைய சைட் படுத்துக்கொண்டபோது எழுப்பிவிட்டிருக்கிறேன். ஆனால் என்னைப் படுக்கவைத்த சைட் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு மாப்பிள்ளையின் சைட்.

தனி ஊடு

முனிரத்தினம் வெள்ளானூரின் பழைய விவசாயக் குடும்பம். இப்போது தண்ணி லாரி ஓட்டுகிறார். நாங்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டே அவர் குடும்பம் நெல் போட்ட இடத்தில் கட்டியதுதான். அந்த உரிமையில் எந்த நேரமும் காலிங் பெல்லை அழுத்துவார். அவருடைய ஒரே மகன் தினேஷுக்கு முப்பத்தாறு வயது. மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். பெண் கிடைக்கவில்லை. தரகர்கள் வந்தார்கள், ஜாதகங்கள் போயின, திரும்பி வந்தன. முனிரத்தினத்துக்கு ராத்தூக்கம் போய்விட்டது. “நான் கண்ண மூடறதுக்குள்ள அவனுக்கு ஒரு துணை” என்று ஆரம்பித்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

மகனுக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும் என்று வந்து நின்றார். அதற்கென்றே கல்யாணத் தகவல் தளங்கள் இருக்கின்றன, அதில் போட்டால் போதும், செலவு வேண்டாம் என்று நானே சொன்னேன். தொழில் தர்மம் பார்த்தால் இப்படித்தான் பிழைப்பு நடக்கும். அவர் கேட்கவில்லை.

“அதுல ஆயிரம் பசங்களோட நம்ம பையனும் லைன்ல நிக்கணுமாம்மா? தனி ஊடு கட்டி வெச்சிகீறேன், தனி சைட்டு கட்ட மாட்டேனா?”

சின்னதாக்காதே

தினேஷின் முழுப்பெயரையே விலாசமாக வைத்து சைட் கட்டினேன். உள்ளே போட முனிரத்தினம் கொடுத்த படங்களை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். மாடிவீட்டை நான்கு பக்கமிருந்தும் எடுத்த படம், மிச்சமிருக்கும் நிலம், இரண்டு தண்ணி லாரி, குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்தபோது மொத்தப் பங்காளிகளும் நின்ற படம், கன்றுக்குட்டியோடு மாடு. ஒன்றில் தினேஷ், புதுச் சட்டையில், யாரோ மிரட்டி நிற்கவைத்தது மாதிரி. எல்லாம் போனில் எடுத்த முழு அளவுப் படங்கள். அத்தனையும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்றார். திறந்தால் நடுவில் அந்த வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

படங்களின் சைஸைக் குறைத்தால் உடனே திறக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது என்று அவர் எதிரிலேயே செய்து காட்டினேன். மனிதர் பதறிப்போனார்.

“குறைக்காத பாப்பா! பையனே கொஞ்சம் குள்ளம், இதுல நீ வேற சின்னதாக்கினா எவன் பொண்ணு குடுப்பான்?”

வேறு ஏதாவது உதவி வேண்டுமா

அவருக்குத் தெரியாமல் குறைத்துவிட்டேன். சைட் நன்றாகத் திறந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து ஒரு இடம், பெண்ணின் சித்தப்பா, சைட்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்றிருந்தார். சரியாக அன்றைக்குக் காலையில் சைட் இருந்த சர்வரே படுத்துவிட்டது. அது என் கையில் இல்லை. எங்கேயோ இருக்கும் ஒரு கம்பெனியின் மெஷின் அது. நாம் மாத வாடகைக்கு அதில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அவர்களுடைய உதவி மையத்தோடு சாட்டில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் இருப்பவர் என் பொறுமைக்கு நன்றி சொன்னார். எனக்குப் பொறுமையே இல்லை என்று எழுதினேன். அதற்கும் நன்றி சொன்னார். இது ஒரு கல்யாண விஷயம், இன்றைக்குத்தான் பார்க்கிறார்கள் என்று கெஞ்சினேன். வாழ்த்துகள் என்று பதில் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயந்திரம்வரை சைட் எழுந்திருக்கவில்லை. அந்த மனிதர் மட்டும் கடைசிவரை மரியாதை குறையாமல் கேட்டார்:

“வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்?”

எடுத்துகினு போறேன்

அதே ஞாயிறு. நான் இங்கே சாட்டில் மன்றாடிக்கொண்டிருக்க, முனிரத்தினம் வந்து, சைட் நன்றாகத்தான் தெரிகிறது, தெரியவில்லை என்கிற பூந்தமல்லிக்காரர்தான் பொய் சொல்கிறார் என்றார். தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். தெரிந்தது. மாடிவீடு, மாடு, லாரி எல்லாம் ஜோராக நின்றன. விஷயம் இதுதான்: ஒருமுறை திறந்த பக்கத்தை போன் தனக்குள் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அசல் செத்துப்போனாலும் பிரதி கொஞ்ச நாள் காட்டும். இந்தத் தொழிலில் பாதிச் சண்டை இதனால்தான். உங்கள் போனில் தெரிகிறது, ஊருக்குத் தெரியவில்லை என்று சொன்னால் எந்த மனிதனுக்குத்தான் கோபம் வராது?

இவருக்குக் கோபம் வரவில்லை. முகம் தெளிந்தது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்தார்.

“அப்டீன்னா இத்தயே எடுத்துகினு பூந்தமல்லி போய் அவருக்குக் காட்டிட்டு வந்துடறேம்மா, ஆட்டோ புடிச்சா எம்மாம் நேரம்?”

போனார். வெப்சைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போன முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்ற மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அவர்கள் காபி கொடுத்து, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. தரகர்தான் சொன்னார்:

“ஊரான் போன்ல பாத்தத எப்டிங்க நம்பறதுன்னு கேக்கறாங்க.”

நான் எதையும் தொடலை

நடுவில் வானகரத்தில் ஒரு தம்பி. பெரிய கம்பெனியில் பெரிய வேலை. தான் எடுக்கும் பறவைப் படங்களுக்காகச் சொந்தமாக ஒரு சைட் வைத்திருந்தார். அதுவும் ஒருநாள் தெரியவில்லை. படித்தவர், கம்ப்யூட்டரிலேயே ஊறியவர், இங்காவது நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று நம்பிப் போனேன். ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். எதையுமே தொடவில்லை என்று சத்தியம் செய்யாத குறை. அரை நாள் தேடினேன். சைட் இருக்கும் இடத்தைக் காட்டும் விலாசமே காணாமல் போயிருந்தது. யாரோ முழுசாக அழித்திருந்தார்கள். அதைக் காட்டியதும் தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது தேவையில்லாம இருந்துச்சுங்க, கிளீன் பண்ணினேன், மத்தபடி நான் எதையும் தொடலை.”

ஆடி

வெப்சைட்டின் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வருஷ வாடகைக்குத்தான் எடுக்கிறோம். வருஷம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் போய்விடும். முனிரத்தினம் சைட்டின் வருஷம் ஆடி பிறந்ததும் முடிந்தது. ஆனி மாதமே சொன்னேன். பார்க்கலாம் என்றார். ஆடி பிறந்தது. போய்ச் சொன்னேன். காதைப் பொத்திக்கொள்ளாத குறை. கல்யாணக் காரியம், அதுவும் ஆடியில், அதுவும் மகனுக்கு. ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் கட்டிக்கொள்ளலாம் என்றார்.

இது புதிதாக ஆரம்பிக்கிற காரியமில்லை, பழையதைத் தொடர்வதுதான் என்று என்னால் முடிந்தமட்டும் எடுத்துச்சொன்னேன். கரண்ட் பில் ஆடியில் கட்டவில்லையா, லாரிக்கு டீசல் போடவில்லையா என்று கேட்டேன். எல்லாம் சரிதான், இது வேற என்றார். சைட் தெரியாமல் போய்விடும் என்று பயமுறுத்தினேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

“ஆடியில எவனும் பொண்ணு பாக்க மாட்டான், குடுக்க மாட்டான். அப்பால யாருக்கும்மா தெரியணும்?”

விற்பனைக்கு

ஆடியில் நேரில்தான் யாரும் பெண் பார்க்கப் போவதில்லை. ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் கையில் போன் இருக்கிறதே. கொரட்டூரில் ஒரு குடும்பம், ஆவணியில் பேசலாம், அதுவரை ஒரு பார்வை பார்த்துவைப்போம் என்று சைட்டைத் திறந்திருக்கிறது. வாடகை தீர்ந்த பெயரைத் திறந்தால் என்ன வரும் என்று நம் கட்சிக்காரர்களுக்குத் தெரியும். மாடிவீடு வராது, மாடு வராது. வெள்ளைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் தினேஷின் முழுப்பெயர், அதன் கீழே, இது விற்பனைக்கு, விலை பேச இங்கே தொடவும்.

பெண்ணின் அண்ணன் தரகரைக் கூப்பிட்டுக் கத்த, தரகர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டுக் கத்த, முனிரத்தினம் என் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார். கத்தவில்லை. நான் சொன்னேனே, படித்துப் படித்துச் சொன்னேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். அந்த அண்ணன் சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார், தன்னையே ஒருவர் திட்டிக்கொள்கிற மாதிரி.

“‘புள்ளைய வெல போட்டு விக்கற ஊட்ல எங்க தங்கச்சி வாழாது’ன்ட்டாம்மா.”

முகூர்த்தம்

பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, கெடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில், முனிரத்தினம் வீட்டுக் கூடத்தில், என் லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எதிரில் வாழைப்பழம், வெற்றிலைபாக்கு. தினேஷின் அம்மா கற்பூரம் காட்டினார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சநேரம்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டும் பட்டனை அழுத்தினேன்.

வங்கி ரகசிய எண் கேட்டது. கார்டு தினேஷுடையது, எண் தினேஷின் போனுக்குத்தான் போகும். தினேஷ் வேலைக்குப் போயிருந்தான். அவன் கம்பெனியில் போனை கேட்டிலேயே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லாக்கருக்குள் அவன் போனுக்கு எண் வந்தது, காலாவதியானது. மறுபடி அனுப்பச் சொன்னேன், மறுபடி வந்தது, மறுபடி காலாவதியானது. தேங்காய் உடைக்கக் கையில் எடுத்த முனிரத்தினம் அதை உடைக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார். முகூர்த்தம் போய்விட்டது. ஷிப்ட் முடிந்து தினேஷ் கூப்பிட்டான்.

“அக்கா, ஏதோ நம்பர் வந்துகினே இருந்துகீது போல, அது உங்களுக்கு வேணுமா?”

தெரிகிறது

அன்றைக்கே, எந்த முகூர்த்தமும் இல்லாத ஒரு சாதாரண சாயங்காலத்தில், பணத்தைக் கட்டி முடித்தோம். புது சர்வருக்கு மாற்றினேன், போன்கள் பழைய பிரதியைக் காட்டி ஏமாற்றாதபடியும் செய்தேன். அதன்பிறகு சைட் ஒருநாளும் படுக்கவில்லை. தொட்ட உடனே திறக்கும். பழைய போனில் திறக்கும், மழையில் திறக்கும், எங்கள் வெள்ளானூர் சிக்னலில்கூடத் திறக்கும். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சைட்டை நான் நிமிர்த்தியதில்லை. முனிரத்தினம் தரகர்கள் எல்லோருக்கும் விலாசத்தை அனுப்பினார், லாரியின் பின்பக்கத்தில்கூட எழுதினார்.

எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதைக் காட்டும் வசதி என்னிடம் இருக்கிறது. திருநின்றவூரிலிருந்து பார்த்தார்கள், திருமழிசையிலிருந்து பார்த்தார்கள், அம்பத்தூரிலிருந்து நிறையப் பேர் பார்த்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள், தினேஷைப் பார்த்தார்கள், போனார்கள். யாரும் கூப்பிடவில்லை. புரட்டாசி போய், ஐப்பசியும் போனது. முனிரத்தினம் எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். காலிங் பெல் அடிக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், நான் வாசலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தினேஷ் வந்தான். அதுவரை அவன் என் வீட்டுக்குள் வந்ததில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். படத்தில் இருப்பதைவிட நல்ல முகம். சைட் சரியாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டேன், பழக்கதோஷம். ஷோக்காக இருக்கிறது என்றான். டீ கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, முன்னெல்லாம் சைட்டு தெர்ல, அதனாலதான் அமையலன்னு ஊரு பூரா சொல்லிகினு இருப்பாரு. சைட்டயும் திட்டுவாரு, உன்னியும் திட்டுவாரு. நல்லா சாப்புடுவாரு. இப்ப தெரியுது. எல்லாரும் பாக்கறாங்க. ஒர்த்தனும் கூப்புடல. அவரால யாரயும் திட்ட முடில. என் மூஞ்சிய பாக்கறாரு, சாப்புடாம எழுந்து போறாரு. எனுக்கு அமையாங்காட்டி போவுதுக்கா, நான் பழகிட்டேன். அவரு தாங்க மாட்டாரு. நீ அத்த மறுபடியும் தெரியாம பண்ணிடு.”

ரிப்பேர்

இத்தனை வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத வேலை. இப்படிச் செய்வது சரியா தப்பா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. பெயர் அவனுடையது, படம் அவனுடையது, வாழ்க்கையும் அவனுடையது. அவன் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரியை அழித்தேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் பால் பொங்கும் நேரத்தில் காலிங் பெல் விடாமல் அடித்தது. வாசலில் முனிரத்தினம், தோளில் துண்டு, கையில் போன். பின்னால் ரோட்டில் லாரியை அணைக்காமலே நிறுத்தியிருந்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் அந்தக் குரலில் பழைய தெம்பைக் கேட்டேன்.

“இன்னாம்மா இது, மறுபடியும் தெர்லயே! இதனாலதாம்மா எல்லாம் தள்ளித் தள்ளிப் போவுது, சீக்கிரம் பாரு!”

இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த ஒரே ரிப்பேர் அதுதான், ஆனால் போனை எடுத்து அதைத் திறந்து பார்க்கலாம் என்று யாரும் சிரமப்பட வேண்டாம், தெரியாது.